புதுக் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லையா? சுவரிலிருந்து தொடங்குங்கள்



2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மளிகைக் கடையானாலும் மொத்த வியாபாரமானாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது. நம்மில் பலர் அதைக் கம்பெனிப் பெட்டியாக வாங்குவதில்லை. சென்னை அண்ணா சாலைக்கு அருகேயுள்ள ரிச்சி தெருவுக்குப் போய், உதிரி பாகங்களைத் தனித்தனியாக விலை பேசி, அங்கேயே பொருத்தி வாங்கி வருகிறோம். செலவும் குறையும், நம் வேலைக்குத் தேவையானதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கொண்டுவந்த பெட்டி, கடையில் வைத்துப் பொத்தானை அழுத்தும்போது அசையாமல் கிடந்தால் என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்கு நேர்ந்தது

காக்களூரில் உள்ள என் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று அப்படித்தான் வந்தது. கடைக்காரர் என் கண் முன்னே ஓட்டிக் காட்டினார். லோடு ஆட்டோவில், மேடு பள்ளமெல்லாம் குலுங்கி வந்து சேர்ந்தது. இறக்கி வைத்து, சாம்பிராணி காட்டி, பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை.

அன்று மாதத்தின் 10-ந் தேதி. ஜி.எஸ்.டி.ஆர்.-1 விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்ய மறுநாள்தான் கடைசி. பழைய கம்ப்யூட்டரை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மாதக் கணக்கில் சாமான் வாங்கும் குடும்பங்களின் பற்று வரவு உள்பட எல்லாக் கணக்கும் ஒரே ஒரு பென் டிரைவில் இருந்தது. அதில் கணக்கு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கக்கூட வேறு கம்ப்யூட்டர் இல்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் பேசினேன். "மதர்போர்டு போயிருக்கும் அண்ணாச்சி. புதுசு போட்டுடலாம், ஆறாயிரம் ஆகும்" என்றார். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நானும் அந்தக் கலக்கத்தில் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன்.

அப்போது சிட்கோ தொழிற்பேட்டையில் எலக்ட்ரீசியனாக வேலை செய்யும் தம்பி ஒருவர் சாமான் வாங்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, கணக்குல நூறு ரூபா உதைச்சா புதுப் பேரேடு வாங்குவீங்களா, முதல் பக்கத்துலேருந்து கூட்டிப் பாப்பீங்களா?" என்றார். பிறகு சுவரிலிருந்த சாக்கெட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய பிளக், கொக்கி மாட்டாமல் அரைகுறையாக நின்றிருந்தது. பயணத்தின் குலுக்கலில் அது கழன்றிருக்கிறது. அழுத்திவிட்டதும் 'டக்' என்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் ஓடியது. அரை மணி நேரம்தான் ஆயிற்று. ஆறாயிரம் ரூபாய் மிச்சம்.

அன்று அவரிடம் கற்றதையும், அதன் பின் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் பாதுகாப்பு

கேபினட்டைத் திறக்கும் முன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய பின் கம்ப்யூட்டரின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரம் பெரும்பாலும் இறங்கிவிடும். மதர்போர்டைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொட்டுக்கொள்ள வேண்டும். நம் உடம்பிலிருக்கும் நிலை மின்சாரம் சிப்புகளைக் கெடுக்காமலிருக்க இது உதவும்.

ஒன்றை மட்டும் யாரும் செய்யக் கூடாது. கேபினட்டுக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்ற இரும்புப் பெட்டி இருக்கும். வீட்டு மின்சாரத்தை வாங்கிக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அதுதான். அதற்குள்ளிருக்கும் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். அந்தப் பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றவே வேண்டாம்.

நோயின் வகை என்ன?

'ஓடவில்லை' என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு. ஒன்று, விளக்கோ விசிறியோ அசையாமல் முழுதும் செத்தது போல் கிடப்பது. இரண்டு, விசிறி ஒரு விநாடி சுற்றிவிட்டு நின்றுவிடுவது. மூன்று, விசிறி தொடர்ந்து சுற்றியும் திரையில் படம் வராமலிருப்பது. காரணம் வெவ்வேறு, ஆகவே மெக்கானிக்கிடம் போனில் பேசும்போதுகூட எந்த வகை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சுவரும் வயரும்

முழுதும் செத்தது போல் கிடந்தால் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் ஃபேனையோ விளக்கையோ மாட்டிப் பாருங்கள். டெஸ்டர் எரிகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் வயர் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். ஆனால் எந்தச் சாமானும் ஓடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகக் கொடுத்திருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதையும் விலக்கிப் பாருங்கள். 600 வி.ஏ. என்று எழுதிய யு.பி.எஸ். சாதாரணமாக 360 வாட் அளவே தாங்கும். லேசர் பிரிண்டரையும் அதிலேயே மாட்டினால் யு.பி.எஸ். தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், பழி கம்ப்யூட்டர் மேல் விழும்.

அடுத்து மூன்று முனை பவர் வயர். பெரும்பாலான மானிட்டருக்கும் கேபினட்டுக்கும் ஒரே மாதிரி வயர்தான் வரும். இரண்டையும் மாற்றி மாட்டினால் வயரில் குற்றமா என்பது உடனே தெரிந்துவிடும்.

பின்பக்கத்துச் சிறு ஸ்விட்ச்

கேபினட்டின் பின்பக்கம், பவர் வயர் மாட்டும் இடத்துக்கு அருகில் சிறு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் உள்ளே போகும்; வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் போகாது. பெட்டியைக் கட்டி அனுப்பும்போது இதை அணைத்து அனுப்புவது வழக்கம். இதைக் கவனிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மீண்டும் சென்னைக்கு ரயில் ஏறுபவர்களும் உண்டு.

சில பழைய அல்லது மலிவான எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். நம் நாட்டில் அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து நம் மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே வெடித்துக் கருகிவிடும். மாட்டும் முன்பே பார்த்துவிட வேண்டிய விஷயம் இது.

பொத்தான் ஓர் அழைப்பு மணி

1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய கம்ப்யூட்டர்களில் முன்பக்கப் பொத்தான் வீட்டு ஸ்விட்சைப் போல மின்சாரத்தையே நேராக இணைத்தது, துண்டித்தது. ஏ.டி.எக்ஸ். வந்த பின் அது அழைப்பு மணி போல ஆகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் மதர்போர்டுக்குச் செய்தி போகிறது, மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு 'ஓடு' என்று சொல்கிறது. இதற்காகவே, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பல மதர்போர்டுகளில் இந்த 5 வோல்ட் வருவதைக் காட்ட ஒரு சிறு விளக்கு உண்டு. அது எரிந்தும் பொத்தானுக்கு அசைவில்லை என்றால், பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயரைச் சந்தேகிக்க வேண்டும். அதன் நுனியில் 'பவர் ஸ்விட்ச்' என்று எழுதியிருக்கும். அது மதர்போர்டில் ஓர் ஊசி தள்ளி மாட்டப்பட்டிருந்தாலும் வேலை செய்யாது. கேபினட்டில் 'ரீசெட்' பொத்தான் இருந்தால் அதன் வயரை எடுத்துப் பவர் ஸ்விட்ச் இருந்த ஊசிகளில் மாட்டி, ரீசெட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடினால் பொத்தான் மட்டுமே பழுது. நூறு இருநூறு ரூபாயில் முடியும் காரியத்துக்கு மதர்போர்டை மாற்றிய கதைகள் உண்டு.

இரண்டு பிளக்குகள்

எஸ்.எம்.பி.எஸ்.சிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு பிளக்குகள் போக வேண்டும். ஒன்று 24 துளையுள்ள பெரியது. மற்றது பிராசசருக்கு அருகில் மாட்டும் 4 அல்லது 8 துளையுள்ள சிறியது. பெரியது சரியாக உட்காராவிட்டால், என் பெட்டியைப் போல முழுதும் செத்தது போல் கிடக்கும். சிறியதை மாட்ட மறந்தால் விசிறி சுற்றும், படம் வராது. அல்லது சுற்றி நின்றுவிடும். இரண்டிலும் கொக்கி மாட்டிய சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும். கொக்கியை அமுக்காமல் இழுத்துப் பார்த்து, அசையாமல் நின்றால்தான் சரி.

சுற்றி நின்றுவிட்டால்

விசிறி ஒரு விநாடி சுற்றி நிற்பது பெரும்பாலும் எங்கோ ஷார்ட் ஆவதன் அடையாளம். எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மதர்போர்டு கேபினட்டின் இரும்பில் படாதிருக்க, அதன் கீழே சிறு பித்தளைக் கால்கள் இருக்கும். மதர்போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றாலோ, கழன்ற ஸ்குரூ ஒன்று கீழே சிக்கியிருந்தாலோ ஷார்ட் ஆகும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் ஆகியவற்றுடன் மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஓடினால் பழுது கேபினட்டுக்குள். இந்தச் சோதனையைச் செய்யாமலே போர்டு போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், செய்து காட்டும்படி கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

விசிறி சுற்றுகிறது, படம் இல்லை

முதலில் ராமைக் கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அடுத்து மானிட்டர் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் வயரை அதில்தான் மாட்ட வேண்டும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரை இருண்டே இருக்கும். விலை சற்றுக் குறைகிறது என்று அதை வாங்கிவிட்டுத் தவிக்க வேண்டாம். பில் போடும் கம்ப்யூட்டருக்கு எஃப் இல்லாததே போதும்.

டி.டி.ஆர்.5 என்ற புது வகை ராம் போட்ட கம்ப்யூட்டர், முதன்முறை ஓடும்போது படம் வரச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் பதறி அணைக்கக் கூடாது. இன்னொன்று: கடையில் நெடுநாள் கிடந்த மதர்போர்டில் புத்தம் புதிய பிராசசரைப் போட்டால், மதர்போர்டிலுள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்கு அந்தப் பிராசசரைத் தெரியாது. இதில் எந்தச் சாமானும் பழுதில்லை. விற்றவரே பயாஸைப் புதுப்பித்துத் தர வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டதா?

இதை மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வர வேண்டும். ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை சரி. இப்போது பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா வயரும் கறுப்பாகவே வருவதால், நிறத்துக்குப் பதில் துளையின் வரிசையைக் கொண்டுதான் பார்க்க முடியும். வெளியே எடுத்து ஓட்டும்போது விசிறி சுற்றுவதை மட்டும் வைத்து நல்லது என்று தீர்மானிக்க முடியாது. பாரம் ஏறும்போது வோல்ட் இறங்கலாம்.

தொழிற்பேட்டைப் பகுதிகளில் கடை வைத்திருக்கும் நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மோட்டாரும் வெல்டிங்கும் ஓடும் இடங்களில், மாலை வேளையில் பல்பு மங்கி எரிவதைப் பார்த்திருக்கிறோம். எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். 200 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் குறைந்த மின்னழுத்தத்தில் திணறும். 100 முதல் 240 என்று இருந்தால் தாங்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா?

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்று பலர் சொல்வார்கள். பழகிவிட்டது என்றும் சொல்வார்கள். பழகக் கூடாத விஷயம் இது. எர்த் இணைப்பு இல்லை என்பதன் அடையாளம் அது. எஸ்.எம்.பி.எஸ்.சில் உள்ள வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. சுமார் 115 வோல்ட் வரை காட்டும். பில் பிரிண்டரையும் எலக்ட்ரானிக் தராசையும் வயர் மூலம் இணைக்கும்போது அது அவற்றின் வழியாகப் பாய்ந்து போர்ட்டைக் கெடுக்கலாம். வேறு பழுது இருந்தால் ஆளுக்கே ஆபத்து. மூன்று முனை பிளக்கின் தடித்த முனையை உடைத்து இரண்டு முனையாக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சரி பாருங்கள்.

பில்லும் உரிமையும்

ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. காலமும் வேறு வேறு. ஆகவே பாகத்தின் பெயர், சீரியல் எண் எல்லாம் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கு வரி 18 சதவீதம். சாதாரண முறையில் பதிவு செய்தவர்கள் நம் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். அந்த வரித்தொகைக்குத் தேய்மானமும் கழித்தால் வரவு கிடைக்காது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த வரவு இல்லை.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. தானே கடையில் நின்று வியாபாரம் செய்யும் சிறு வணிகர் இந்த அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். எதற்கும் பில் இருக்க வேண்டும்.

கணக்கு நம்முடையது

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று ஜி.எஸ்.டி. இணையதளம் காத்திருக்காது. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதமென்றால் 20 ரூபாய், உச்சவரம்பு வரை கட்டணம் ஏறும். கணக்கு மட்டும் கையில் இருந்தால் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தோ நண்பர் கடையிலிருந்தோ தாக்கல் செய்துவிடலாம்.

ஆகவே என் அனுபவத்தில் சொல்கிறேன்: புதுக் கம்ப்யூட்டர் ஒரு மாதம் பழுதில்லாமல் ஓடும் வரை பழையதைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போதும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நம் வாடிக்கையாளர் கணக்கு அதில் இருக்கிறது. கணக்கை இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வையுங்கள். எடுத்ததைத் திறந்து பார்த்த பின்பே எடுத்ததாக எண்ணுங்கள். புதுக் கம்ப்யூட்டரை மாதத்தின் 10-ந் தேதி வாங்கப் போகாதீர்கள். தாக்கல் எல்லாம் முடிந்த 20-ந் தேதிக்குப் பிறகு போங்கள்.

அன்று இரவு என் பென் டிரைவ் திறந்தது. கணக்கு முழுவதும் இருந்தது. மறுநாள் மதியம் தாக்கல் செய்துவிட்டேன். அந்தத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த மாதச் சாமான் பில்லில் ஒரு கிலோ நெய்யை மட்டும் நான் எழுதவில்லை.